அண்டாவுக்கு இன்னும் இரண்டு மழைக்காலம்

மார்ச் 3, செவ்வாய்

அண்டாவின் வலது சக்கரத்தை மாற்ற மதியம் வரை ஆயிற்று. சரக்கு ஏற்ற வழியில்லாமல் விமானக் கொட்டகை வாசலில் நின்று வம்பளந்தோம். விமானம் சும்மா நிற்கும் நாளில்தான் மேலிடத்துக்குப் புதுசு புதுசாக யோசனை வரும் என்பார் எங்கள் விமானியான கேப்டன். அப்படியே ஆயிற்று. கமாண்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: மே மாதக் கடைசியோடு அண்டாக்களுக்கு ஓய்வு. அதன் பிறகு புது விமானம் மட்டும்தான்.

படையின் கணக்கில் அதற்குப் பெயர் ஓர் எழுத்தும் மூன்று எண்களும். பெருத்த வயிற்றையும் பின்னால் திறக்கும் அகலக் கதவையும் பார்த்து யாரோ அண்டா என்று வைத்தது நிலைத்துவிட்டது. ஒருகாலத்தில் பன்னிரண்டு இருந்தன. இன்று இரண்டு, அதிலும் ஒன்று மற்றதற்கு உதிரிபாகம் கொடுப்பதற்காகவே நிற்கிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை. அதில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. வயதானால் எதற்கும் ஓய்வு கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 'மேலே' யார் போவது?

புது விமானம் புது மாப்பிள்ளை மாதிரி பளபளக்கிறது. மாப்பிள்ளை வந்து இறங்க நீளமான ஓடுதளம் வேண்டும். மலைக் குடியிருப்பில் — நாங்கள் 'மேலே' என்று மட்டும் சொல்வோம் — இருப்பதோ ஒரு குட்டி மண்தளம். ஒரு முனையில் பாறை, மறுமுனையில் பள்ளம். மழை தொடங்கினால் மலைச்சாலை சரிந்துவிடும். மழை முடிகிற வரை அங்கே போய்வர அண்டாவை விட்டால் வேறு கதி இல்லை.

மேலே என் தங்கச்சி இருக்கிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

தங்கச்சியிடம் பேசினேன். ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்தத் தடவை டாக்டர் பக்கத்தில் இல்லாமல் பிரசவம் கூடவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஜூலை நடுவில் நாள். ஜூலை தொடக்கத்திலேயே ஒரு டாக்டர் அண்டாவில் மேலே போய்த் தங்குவதாக ஏற்பாடு.

"பேசாம இப்பவே இறங்கி வந்துடேன்டி" என்றேன்.

"நான் வந்துட்டா இங்க இருக்கறவங்களுக்கு யாரு ஊசி போடறது? நீயா?"

"மூட்டையைக் கட்டற மாதிரி கட்டிப் போட்டுக் குத்திடுவேன்."

சிரித்தாள். பிறகு, "இங்க இன்னும் மூணு பேர் மாசமா இருக்காங்க அக்கா. இருக்கறது நான் ஒரே ஒரு நர்ஸ். அவங்கள விட்டுட்டு நான் மட்டும் எறங்கி வந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள்.

அம்மா போனைப் பிடுங்கி, ஊரில் இருக்கும் எல்லாப் பிடிவாதத்தையும் இவளே குத்தகைக்கு எடுத்திருப்பதாகத் திட்டிவிட்டு, கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அண்டாவுக்கு ஓய்வு என்பதை இரண்டு பேரிடமும் நான் சொல்லவில்லை. அது நடக்கப் போவதில்லை. நடக்க விடமாட்டேன்.

மார்ச் 14, சனி

கமாண்டர் சும்மா விடவில்லை. மலைமேல் ஓடுதளத்தை நீட்டி முடிக்க இரண்டு வருடம் ஆகும், அதுவரை ஒரே ஒரு அண்டாவை விட்டுவையுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறார். ஒரு கமிட்டி வரப் போகிறது. முழுச் சுமையோடு அண்டா மேலேயுள்ள தளத்தின் அளவுக்குள் கிளம்பிக் காட்ட வேண்டும். காட்டினால் இரண்டு வருடம். காட்டாவிட்டால் மே மாதமே வழியனுப்பு விழா.

"கூடவே அண்டாவோட சேவை வரலாறு ஒரு பக்கம் கேக்கறாங்க. நீயே எழுதிடு" என்றார்.

"நான் எதுக்கு சார்?"

"இந்தக் கொட்டகையில உன் வாய்தான் ஓயறதே இல்ல."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயுள்ள பிள்ளைக்கு வேலையும் கூடும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சோதனைக்கான சுமை மணல் மூட்டைகள். இன்று முழுக்க நின்று நிரப்ப வைத்து, ஒவ்வொன்றையும் எடை போட்டு, சாக்கின்மேல் மையால் எடையை எழுதி, கொட்டகைக்குப் பின்னால் அடுக்கித் தார்ப்பாய் போட்டேன். நான் இதன் சரக்குப் பொறுப்பாளர். எது ஏற வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும், எல்லாம் என் சொல். பதினேழு வருடமாக என் சொல்லை நம்பித்தான் விமானிகள் கிளம்புகிறார்கள். அண்டா சுலபமாகக் கிளம்பிவிடும். எனக்குச் சந்தேகமே இல்லை.

மார்ச் 26, வியாழன்

ஒரு பக்கம் என்றார். நான்கு பக்கம் ஆகிவிட்டது. அதில் எனக்குப் பிடித்ததை இங்கேயும் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் அண்டா படையில் சேர்ந்தபோது நான் வாய்ப்பாடு படிக்க ஆரம்பிக்கவில்லை. வாங்கியது பாராசூட் வீரர்களைக் குதிக்க விடுவதற்கு. எல்லைச் சண்டை வந்த வருடம் குண்டு போடும் விமானங்கள் போதவில்லை. அண்டாவின் பின்கதவைத் திறந்து, ஆட்கள் கையாலேயே குண்டுகளை உருட்டித் தள்ளினார்களாம். பெருமையாக எழுத மனம் வரவில்லை, மறைக்கவும் மனம் வரவில்லை, எழுதினேன். அதன் பிறகு அதற்கு வாழ்க்கை முழுக்கச் சுமப்பதுதான். வெள்ளத்தில் கூரைமேல் நின்றவர்களுக்கு ரொட்டி. தேர்தலுக்கு வாக்குப்பெட்டி. ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின். மலைப் பள்ளிக்கூடத்துக்குக் கரும்பலகை, பெஞ்சு, வாத்தியார். ஒருமுறை ஒரு மந்தை ஆடு — அந்த வாசனை வெயில் ஏறினால் இன்னும் வருகிறது என்று சுருட்டை சத்தியம் செய்கிறான். (சுருட்டை இன்னொரு சரக்குப் பொறுப்பாளர். தலைமுடி தவிர மற்றதெல்லாம் நேராக இருக்கும் ஆள்.) சிறகின் அடியில் விரிசல் கண்டு இரண்டு வருடம் கொட்டகையில் முடங்கிக் கிடந்தது. எல்லோரும் கைகழுவிய பிறகு, சிறகைப் பலப்படுத்தி, புது இன்ஜின் இரண்டு மாட்டி எழுப்பினார்கள். தங்கச்சிக்குக் கல்யாணமாகி மேலே போனபோது அவளையும், அவள் வீட்டுக்காரரையும், அம்மா கட்டிக் கொடுத்த பதினொரு பைகளையும் சுமந்ததும் இதுதான். அதை மட்டும் வரலாற்றில் சேர்க்கவில்லை.

நான்காம் எண் அண்டா மலையில் மோதியதை எழுதினேன். ஐந்து பேர். கமாண்டர் அந்த வரியை அடித்தார்.

"கமிட்டி முன்னாடி நம்ம குறைய நாமே சொல்லணுமா?"

"மேகத்துக்குள்ள மாட்டினது அவங்க தப்பும் இல்ல சார், அண்டா தப்பும் இல்ல. ஆனா அந்த அஞ்சு பேர விட்டுட்டு எழுதினா அது வரலாறு இல்ல, விளம்பரம்."

பேனாவைத் திரும்ப எடுத்தார். அடித்த வரியைத் தன் கையாலேயே மறுபடி எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 5, ஞாயிறு

புதன்கிழமை சோதனை. கமிட்டி உட்கார நிழல் வேண்டுமாம். பந்தல் போட, மூட்டைமேல் கிடக்கும் பெரிய தார்ப்பாயை எடுத்துக்கொள்ளலாமா என்று ஆட்கள் கேட்டார்கள். தாராளமாக என்றேன். பெரிய மனிதர்கள் வெயிலில் வாடினால் நமக்கல்லவா நஷ்டம்.

ஏப்ரல் 6, திங்கள்

விடுப்பு. பருவம் தப்பிய மழை, நாள் முழுக்க. அம்மாவோடு பழைய துணிகளைப் பிரித்தேன். பிறக்கப் போகும் குழந்தைக்கு எட்டுச் சட்டை தைத்து வைத்திருக்கிறாள். எட்டும் எட்டு அளவு.

ஏப்ரல் 8, புதன்

தோற்றுவிட்டோம்.

ஓடுதளத்தில் மேலேயுள்ள தளத்தின் நீளத்தை அளந்து, முடியும் இடத்தில் குறுக்கே ஒரு மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். அதற்குள் சக்கரம் தரையை விட வேண்டும். மூட்டைகளை ஏற்றிக் கட்டினோம். நானும் உள்ளே என் இடத்தில். அண்டா ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நேரம் அது தரையில் ஓடி நான் பார்த்ததில்லை. எழுந்தபோது கீழே ஏதோ பட்டென்று அறுந்த சத்தம். சுற்றிவந்து இறங்கிப் பார்த்தால், இடது சக்கரத்தில் மஞ்சள் நாடா சுற்றிக்கொண்டிருந்தது.

கமிட்டியின் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்ஜின் களைச்சுப் போச்சு. பாவம், அதுக்கும் வயசாகலையா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை முடிவைச் சொல்வார்களாம்.

ஏன்? அந்த இன்ஜினை எனக்குத் தெரியும். அது களைக்கிற இன்ஜின் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

ஐயோ. என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்.

காலையில் மூட்டைகளை இறக்கினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அடிவரிசை மூட்டை ஒன்றைத் தூக்கியவன், "இன்னைக்கும் அதே கனம்" என்று முனகினான். அப்போதுதான் உறைத்தது. நேற்று ஏற்றும்போதும் இதையே சொன்னார்கள். "மூட்டை ரொம்பக் கனக்குது மேடம்" என்று வாய்விட்டே சொன்னார்கள். "காலையில ஒழுங்கா சாப்பிட்டு வந்தா கனக்காது" என்று நான் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் முதலில் சிரித்தேன்.

சாக்கின்மேல் நான் எழுதிய எடை அப்படியே இருந்தது. அழியாத மை. மைக்கு மழை பெய்தது தெரியுமா? மேல்வரிசை செவ்வாய்க்கிழமை வெயிலில் காய்ந்துவிட்டது. கீழே எல்லாம் ஈரம் குடித்து ஊறிக் கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன், மணல் பிசுபிசுவென்று ஒட்டியது. தார்ப்பாயை எடுக்கச் சொன்னதும் நான். இரண்டாம் முறை எடை போடாததும் நான். எழுதின நம்பரப் பாத்தேன், தூக்கினவன் முதுகப் பாக்கலையே! பதினேழு வருஷம்! வேற எவனாவது இப்படி ஏத்தியிருந்தா அவன உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பேனே!

ஆட்களை அனுப்பிவிட்டு நானும் சுருட்டையுமாக மூட்டைகளைத் தராசில் போட்டோம். எல்லாம் சேர்த்து முக்கால் டன் அதிகம்.

முக்கால் டன்னை அதிகமாகச் சுமந்துகொண்டும் எழுந்திருக்கிறது அண்டா. நாடாவைத்தான் அறுத்தது. அதைப் போய்க் களைத்துவிட்டது என்று சொல்ல விட்டுவிட்டு நின்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கேப்டனிடம் சொன்னேன். டீயைக் கீழே வைத்தார்.

"சொன்னா உன் பேட்ஜ் போயிடும். கணக்குத் தப்பி விமானத்தக் கிளப்பினா மன்னிக்கவே மாட்டாங்க. அது உனக்கே தெரியும்."

"சொல்லலேன்னா?"

"அண்டா போயிடும்."

"நீங்க என்ன சார் சொல்றீங்க?"

"நான் எதுவும் சொல்ல மாட்டேன்மா. என் உயிரும் அந்த மூட்டைங்க மேலதான் இருந்துச்சு. அதனால நான் சொல்றது நியாயமா இருக்காது."

எனக்கு இந்தப் பேட்ஜ் என்றால் சாதாரணம் இல்லை. நெஞ்சில் குத்தியிருக்கும் ஒற்றைச் சிறகு. முதல் தடவை குத்திக்கொண்டு வீட்டுக்குப் போன நாள், அம்மா அதை முந்தானையால் துடைத்தாள். அழுகையாக வருகிறது. அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் யோசிக்க என்ன இருக்கிறது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அந்த ரகம் இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

தலைவி முடிவை வாசிக்கத் தொடங்கும் முன்பே எழுந்துவிட்டேன். கமாண்டர் முறைத்தார். ஒரு ஈர மூட்டையைச் சுருட்டை தள்ளுவண்டியில் கொண்டுவந்து மேஜைமேலேயே வைத்தான். தலைவியின் காகிதங்களில் மணல் கொட்டியது.

"அன்னைக்கு ஏத்தின சுமை சொன்னதவிட முக்கால் டன் அதிகம் மேடம். மழையில நனைஞ்சத நான் மறுபடி எடை போடல. தப்பு என்னுது. இன்ஜின் மேல பழி போடாதீங்க. சரியான எடையோட இன்னொரு தடவை விட்டுப் பாருங்க."

"இதச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"நல்லாவே தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்றீங்க?"

என் தங்கச்சி, அவள் வயிறு, மழை, சாலை — எல்லாம் வாய் வரை வந்தது. அதைச் சொல்லிக் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடக் கூடாது என்று தோன்றியது. "உண்மை அதுதான் மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

மறுசோதனை. ஒவ்வொரு மூட்டையையும் விமானத்தின் பக்கத்திலேயே எடை போட்டு ஏற்றினார்கள். சுமை சுருட்டையின் பொறுப்பு. என்னை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

நாடா அறுபடவில்லை. நாடாவுக்கு நிறைய முன்பே எழுந்துவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு பைத்தியம் மாதிரி கத்தினேன். பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர் பயந்து மெஷினை நிறுத்திவிட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்

அண்டாவுக்கு இன்னும் இரண்டு மழைக்காலம்.

எனக்கு: பறக்கும் பணியிலிருந்து நீக்கம். எடைக் கொட்டகைக்கு மாற்றம். திரும்ப விண்ணப்பிக்கலாமா என்று கேட்டேன். "உத்தரவுல அதப் பத்தி ஒண்ணும் எழுதலம்மா" என்றார் கமாண்டர். பேட்ஜை நானே கழற்றிக் கொடுத்தேன். அவர் அதை மேஜைமேல் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

அம்மாவிடம் வேலை கீழே மாறியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். "நல்லதாப் போச்சு, வேளைக்கு சாப்பிடலாம்" என்றாள். மற்றதைச் சொல்லவில்லை. தங்கச்சியிடமும் சொல்லவில்லை. எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டு அவள் உட்கார வேண்டாம்.

மே 19, செவ்வாய்

எடைக் கொட்டகையில் மூன்று சுவர், ஒரு தராசு, ஒரு ஓட்டை மின்விசிறி. இப்போது புது விதி: எதன்மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி, ஏற்றும் அன்று மறுபடி எடை. ஆட்களுக்கும் அப்படியே. இதற்கு முன் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பொதுக் கணக்கு இருந்தது, அதையும் தூக்கிவிட்டார்கள். என்னால் வந்த விதி. அதைக் காப்பாற்றும் வேலையும் எனக்கே. மூட்டை தூக்குகிறவர்கள் இப்போது முனகினால், நான் உடனே "எந்த மூட்டை?" என்கிறேன். கேலி செய்வதாக நினைத்து முதலில் மிரண்டார்கள். இப்போது அவர்களே காட்டுகிறார்கள்.

அண்டா கிளம்பும் சத்தம் கேட்டால் வெளியே வருவேன். அவ்வளவு ஒன்றும் மோசமில்லை.

மோசம்தான். ஆனால் தாங்கும்.

ஜூன் 11, வியாழன்

சாலை சரிந்துவிட்டது. வழக்கத்துக்கு முன்பே.

ஜூலை 4, சனி

மூன்று நாளாக மேகம். டாக்டர் எங்கள் கேன்டீனில் பெட்டியோடு உட்கார்ந்து, ஒரே செய்தித்தாளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்.

ஜூலை 6, திங்கள்

மேகம் விலகியது. டாக்டர், மருந்துப் பெட்டி, ஆக்சிஜன் உருளை, அரிசி, மண்ணெண்ணெய். எல்லாம் தராசு ஏறி, அண்டா ஏறி, மேலே போய்ச் சேர்ந்துவிட்டன. அண்டா திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஜூலை 10, வெள்ளி

மறுபடி மேகம். போன் கம்பி அறுந்துவிட்டதாம். மேலேயிருந்து ஒரு சேதியும் இல்லை. அம்மா எட்டுச் சட்டைகளையும் மறுபடி துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள், வீட்டுக்குள்ளேயே.

ஜூலை 12, ஞாயிறு

பெண் குழந்தை!

மேலேயுள்ள வயர்லெஸ்ஸில் தங்கச்சி வீட்டுக்காரர் பேசினார். கேப்டன் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவே இல்லையாம். டாக்டர் விடியும் வரை போராடியிருக்கிறார். "டாக்டர் மட்டும் இங்க இல்லேன்னா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. எல்லோருக்கும் பாடம் நடத்தும் மனிதர். கரகரவென்ற சத்தம் மட்டும் வந்தது. கடைசியில், "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. உங்கள கேக்கறா" என்றார்.

வெளியே வந்து, அண்டாவின் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நன்றாக அழுதேன். யாரும் கிட்டே வரவில்லை. புரிந்துகொண்டவர்கள்.

ஜூலை 15, புதன்

மேலேயிருந்து எழுதுகிறேன். பக்கத்தில் மூன்று பேர் தூங்குகிறார்கள், ஒருத்தி குட்டி.

கமாண்டர் எனக்கும் அம்மாவுக்கும் இடம் கொடுத்தார். அம்மா முதலில் பையைத் தராசில் வைத்தாள். தான் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். விதி என்றேன். எந்தக் கிறுக்கன் போட்ட விதி என்று கேட்டாள். சுருட்டை திரும்பிக்கொண்டு இருமினான். அவள் இறங்கியதும் நான் ஏறினேன். சுருட்டை எடையைப் படித்தான், எழுதிக்கொண்டான்.

உள்ளே பக்கவாட்டில் துணி இருக்கைகள். அம்மாவை உட்காரவைத்துப் பெல்ட் போட்டேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுருட்டை வந்து எங்கள் இரண்டு பேர் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்தான். பின்கதவின் பக்கத்தில் இருக்கும் மடக்கு இருக்கையில் போய் அமர்ந்தான்.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினாள்: "இத்தனை வருஷம் இதுல நீ எங்கடி உக்காருவ?"

சுருட்டை இருந்த இடத்தைக் காட்டினேன்.

"அப்ப இங்க ஏன் உக்காந்திருக்க?"

"இன்னைக்கு என்னையும் அது தூக்கிட்டுப் போகட்டும்மா" என்றேன்.

அம்மா என் சட்டையைப் பார்த்தாள், நெஞ்சுப்பக்கம். பேட்ஜ் இருந்த இடத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்டா ஓடத் தொடங்கியது.